மைனஸ் சுமை உள்ள புரதம் ஏன் மைனஸ் முனைக்கே ஓடுகிறது? (கேபிலரி எலக்ட்ரோஃபோரெசிஸ்)

#1 கடைசிபெஞ்ச்

வணக்கம். நான் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு. புராஜெக்டுக்காக ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் மூன்று வாரமாக இருக்கிறேன். கல்லூரியில் ரத்தத்தின் சீரம் புரதங்களை எலக்ட்ரோஃபோரெசிஸில், அதாவது மின்புலத்தில் சுமைக்கேற்பப் பிரியும்படி, அகரோஸ் ஜெல்லில் ஓட்டியிருக்கிறோம். பஃபர் பிஎச் 8.6. அந்த பிஎச்சில் ஆல்புமினுக்கு மைனஸ் சுமை, அதனால் ஆனோடை (பிளஸ் முனையை) பார்த்து முதல் ஆளாக ஓடும், காமா குளோபுலின் பின்தங்கிவிடும். இதுவரை தகராறு இல்லை.

இங்கே ஜெல் கிடையாது, கேபிலரி (மெல்லிய குழாய்) மெஷின்தான். கையேட்டைப் புரட்டினால் டிடெக்டர் கேதோடு (மைனஸ் முனை) பக்கம் இருப்பதாகப் போட்டிருக்கிறது. மைனஸ் சுமை உள்ள புரதம் மைனஸ் முனைக்கு எப்படிப் போகும்? போதாக்குறைக்கு முதலில் வந்து சேர்வது காமாவாம், ஆல்புமின் கடைசியாம். ஆனால் திரையில் பார்த்தால் பழையபடி ஆல்புமின் இடது ஓரத்தில் கம்பீரமாக நிற்கிறது. ஆய்வகத்தில் கேட்டேன். "மெஷின் பார்த்துக்கொள்ளும், நீ பார்கோடு ஒட்டு" என்றார்கள். இங்கே யாராவது சொல்லுங்கள்.

#2 பழையஜெல்காரர்

நல்ல கேள்வி தம்பி. பார்கோடும் ஒட்டு, இதையும் கேள்.

முதலில் உன் ஜெல்லையே நினைத்துப் பார். மாதிரியை வைத்த கோட்டிலிருந்து ஆல்புமின் முன்னால் போயிருக்கும். காமா எங்கே இருந்தது? கோட்டுக்குப் பின்னால், கேதோடு பக்கமாக நகர்ந்திருக்குமே, கவனித்தாயா? அதன் சுமையும் பெரும்பாலும் மைனஸ்தான், ஆனால் மிகக் குறைவு. அப்படியானால் அதைப் பின்னுக்குத் தள்ளியது யார்? ஜெல்லுக்குள் இருந்த தண்ணீரே கேதோடு பக்கம் மெதுவாக ஊர்ந்ததுதான் காரணம். ஜெல்லில் இது சின்னத் தொந்தரவு. கேபிலரியில் இதுதான் மொத்த எந்திரமும்.

கேபிலரி என்பது உருக்கிய சிலிக்காவில் இழுத்த தலைமுடி கனக் குழாய். உட்சுவர் முழுக்க சிலனால் தொகுதிகள். பிஎச் 3, 4 தாண்டினாலே அவை ஹைட்ரஜனை விட்டுவிட்டு மைனஸாகிவிடும். சுவர் மைனஸ் என்றால் பஃபரில் உள்ள பிளஸ் அயனிகள் சுவரோரம் வந்து அடுக்குக் கட்டும். மின்புலம் கொடுத்ததும் அந்த பிளஸ் அடுக்கு கேதோடைப் பார்த்து நகரும், கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். இதற்குப் பெயர் எலக்ட்ரோ ஆஸ்மாட்டிக் ஓட்டம். எல்லோரும் சுருக்கமாக ஈஓஎஃப் என்பார்கள்.

இப்போது உன் ஆல்புமின். அது ஆனோடு பக்கம்தான் நடக்கிறது, அதில் மாற்றம் இல்லை. ஆனால் தேர்த் திருவிழாக் கூட்டத்தில் கோயிலைப் பார்த்து எதிர்த்து நடக்கிறவன் கதிதான் அதற்கு. அவன் கால் ஒரு பக்கம் போகும், கூட்டம் அவனை மறுபக்கம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பலமாக எதிர்ப்பவன் கடைசியில் வந்து சேர்வான். ஆல்புமின் அதனால்தான் கடைசி. காமாவுக்கு எதிர்க்கத் தெம்பில்லை, முதலில் வந்துவிடுகிறது.

திரையில் இடம் மாறித் தெரிவது வெறும் மென்பொருள் வேலை. ஐம்பது வருடமாக ஆல்புமினை இடப் பக்கம் பார்த்துப் பழகிய மருத்துவர்களுக்காகப் படத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

#3 பஃபர்ராணி

ஜெல்காரர் சார் சொன்னதோடு ஒன்று. இந்த ஓட்டம் பம்ப் வைத்துத் தள்ளுகிற ஓட்டம் மாதிரி இல்லை. பம்ப்பில் நடுவில் வேகம், சுவரோரம் மந்தம். அதனால் பட்டை வளைந்து இழுபடும். இங்கே இழுக்கிறதே சுவரோர அடுக்கு என்பதால் குழாயின் குறுக்கே எங்கும் ஏறக்குறைய ஒரே வேகம். புட்டுக் குழாயில் பின்னால் இருந்து குச்சியை விட்டுத் தள்ளினால் புட்டு உருளையாக முகப்பு தட்டையாகவே வெளியே வருமே, அப்படி. உச்சங்கள் ஊசி மாதிரி நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

#4 கடைசிபெஞ்ச்

புட்டு உதாரணத்துக்கு நன்றி அக்கா, இனி மறக்காது.

அப்புறம் இன்னொன்று. தமிழில் இதை எப்படி எழுதுவது? பள்ளிப் புத்தகத்தில் மின்முனைக் கவர்ச்சி என்று படித்தேன். புராஜெக்ட் அறிமுகத்தைத் தமிழிலும் ஒரு பக்கம் எழுதச் சொல்கிறார் வழிகாட்டி.

#5 பழையஜெல்காரர்

மின்முனை கவர்கிறது என்று சொல்லிவிட்டு, கவர வேண்டியதற்கு எதிர் முனையில் போய் ஆல்புமின் நிற்கிறது என்று எழுதினால் படிப்பவர் குழம்புவார். கேபிலரி எலக்ட்ரோஃபோரெசிஸ் என்றே எழுது, அடுத்த வரியில் என்ன நடக்கிறது என்று விளக்கிவிடு. ஆய்வகத்தில் யாரும் வேறு சொல் சொல்லி நான் கேட்டதில்லை.

#6 ராத்திரிஷிப்ட்

ஏன் இவ்வளவு மெல்லிய குழாய்? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

#7 பஃபர்ராணி

சூடுதான் காரணம். அகரோஸ் ஜெல்லில் சென்டிமீட்டருக்கு 5 முதல் 10 வோல்ட் வைப்போம். அதற்கு மேலே போனால் ஜெல் இளகும், பட்டைகள் சிரிக்கும் வாய் மாதிரி வளைய ஆரம்பிக்கும். கேபிலரியில் 60 செ.மீ. குழாய்க்கு 30 கிலோவோல்ட் கொடுக்கிறோம் என்றால் சென்டிமீட்டருக்கு 500 வோல்ட். தடித்த குழாயில் இதைச் செய்தால் பஃபர் கொதித்துவிடும். விட்டத்தைப் பாதியாக்கினால் மின்னோட்டம் கால்வாசியாகும், அதனால் சூடும் கால்வாசி. அந்தக் கொஞ்சச் சூடும் உடனே சுவர் வழியாக வெளியேறிவிடும்.

இந்த யோசனை படிப்படியாக வந்தது. ஆர்னே டிசீலியஸ் 1937இல் செய்த கருவியில் பஃபர் நிரப்பிய யு வடிவப் பாத்திரத்தில் சீரம் புரதங்கள் பிரிந்தன. ஆல்ஃபா, பீட்டா, காமா என்று நாம் இன்றும் சொல்கிற பெயர்கள் அங்கிருந்து வந்தவை. 1948இல் அவருக்கு வேதியியல் நோபல். அவருக்குப் பின் வந்த ஸ்டெலான் யெர்டேன், 1967இல் 3 மில்லிமீட்டர் குழாயைச் சுழலவிட்டுப் பார்த்தார். சூட்டால் உள்ளே திரவம் கலங்காமல் இருக்கத்தான் அந்தச் சுழற்சி. 1981இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஜேம்ஸ் ஜோர்கென்சனும் கிரின் லூகாக்ஸும் 75 மைக்ரோமீட்டர் கண்ணாடிக் குழாயில் 30 கிலோவோல்ட் வரை கொடுத்துக் காட்டிய பிறகுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மெல்லிய குழாய்க்கு ஒரு தண்டனையும் உண்டு. 50 மைக்ரோமீட்டர் விட்டமும் 60 செ.மீ. நீளமும் உள்ள கேபிலரி மொத்தமாகப் பிடிப்பதே 1.2 மைக்ரோலிட்டர். மாதிரி சில நானோலிட்டர்தான் உள்ளே போகும். ஒளி கடந்து போகும் தூரமும் அதே 50 மைக்ரோமீட்டர். சாதாரண 1 செ.மீ. குவெட்டில் பார்ப்பதில் இருநூறில் ஒரு பங்கு. அதனால் மாதிரியில் நீர்த்துப் போன பொருளை யூவியில் பார்ப்பது கஷ்டம்.

#8 நெட்டைக்குழாய்

நீளமான கேபிலரி போட்டால் பிரிப்பு நன்றாக இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் 100 செ.மீ. போடுகிறோம்.

#9 பஃபர்ராணி

அப்படிப் பொதுவாகச் சொல்ல முடியாதே. பட்டை அகலமாவதற்கு விரவல் (மூலக்கூறுகள் தானாகப் பரவுவது) மட்டும்தான் காரணம் என்று வைத்துக்கொண்டால், தட்டு எண்ணிக்கை (பிரிப்பு எவ்வளவு கூர்மை என்பதன் அளவு) வோல்டேஜைப் பொறுத்தது, நீளத்தைப் பொறுத்தது அல்ல. அதே 30 கிலோவோல்ட்டில் குழாயை மட்டும் நீட்டினால் மூலக்கூறுகள் மெதுவாக நகரும், அவ்வளவு நேரமும் விரவிக்கொண்டே இருக்கும். காத்திருந்ததுதான் மிச்சம்.

#10 நெட்டைக்குழாய்

ஆனால் எங்கள் பஃபரில் உப்பு அதிகம். குட்டைக் குழாயில் 12 கிலோவோல்ட்டுக்கு மேல் போனால் மின்னோட்டம் எகிறி பேஸ்லைன் ஆடுகிறது. நீளக் குழாயில் 25 வரை நிம்மதியாகப் போக முடிகிறது.

#11 பஃபர்ராணி

அது சரி. அப்போது பலன் தருவது கூடுதல் வோல்டேஜ், நீளம் அதற்கு இடம் கொடுக்கிறது. ஒத்துக்கொள்கிறேன்.

#12 அலீல்அண்ணாச்சி

நான் டிஎன்ஏ பக்கம். எங்கள் மெஷினில் கடைசிபெஞ்சின் பழைய விதி அப்படியே வேலை செய்யும். டிஎன்ஏ மைனஸ், ஆனோடுக்கே போகும், டிடெக்டரும் அந்தப் பக்கம்தான். ஏனென்றால் உள்ளே நிரப்பும் பாலிமரே சுவரை மூடி ஈஓஎஃபை அடக்கிவிடுகிறது.

பாலிமர் எதற்கு என்றால், வெறும் பஃபரில் டிஎன்ஏ பிரியவே பிரியாது. நீளம் கூடக் கூட சுமையும் கூடும், இழுவைத் தடையும் கூடும். 100 பேஸும் 500 பேஸும் ஒரே வேகத்தில் கைகோத்துப் போகும். அதனால் நூல் நூலாகப் பின்னிய பாலிமர் கரைசலை நிரப்பி அதற்குள் புகுந்து வரச் சொல்கிறோம். குட்டை டிஎன்ஏ சீக்கிரம் நெளிந்து வந்துவிடும். தடித்த ஜெல் ஊற்றினால் கேபிலரி அதோடு முடிந்தது. பாலிமர் திரவம் என்பதால் ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் வெளியே தள்ளிப் புதிதாக நிரப்பலாம். மனித மரபணுத் தொகுதித் திட்டம் வேகம் பிடித்தது இந்த ஒரு வசதியால்தான் என்பேன். 96 கேபிலரி கொண்ட ஏபிஐ 3700 மெஷின் 1998இல் வந்தது. போட்டிக்கு இறங்கிய தனியார் நிறுவனமான செலேரா சுமார் 300 மெஷின்களை வரிசையாக நிறுத்தியது. 2000 ஜூனில் வெள்ளை மாளிகையில் வரைவு முடிந்ததாக அறிவித்தார்கள்.

கேபிலரிக்கு வெளியே, ஓடும் திரவ உறைக்குள் வைத்து லேசரால் பார்க்கும் முறையை நார்மன் டோவிச்சி, ஹிடேக்கி கம்பாரா இருவரும் தனித்தனியாகச் செய்தார்கள். மேடையில் நின்றவர்களைத்தான் ஊருக்குத் தெரியும், இவர்களைத் தெரியாது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

#13 கடைசிபெஞ்ச்

அண்ணாச்சி, என் அறைத்தோழன் உங்கள் துறை. பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கும் வேலை) நன்றாக வந்தும் மெஷினில் உச்சம் குட்டையாக வருகிறது என்று ஒரு வாரமாகப் புலம்புகிறான்.

#14 அலீல்அண்ணாச்சி

மாதிரியில் உப்பு இருக்கும். டிஎன்ஏவை நாங்கள் வோல்டேஜ் கொடுத்துத்தான் உள்ளே இழுக்கிறோம். குளோரைடு மாதிரி சின்ன மைனஸ் அயனிகள் ரேஷன் கடை வரிசையில் இடுக்கில் புகும் பையன்கள் மாதிரி முந்திக்கொண்டு உள்ளே போய்விடும், டிஎன்ஏ வெளியே நிற்கும். ஊசி நேரத்தை (உள்ளே இழுக்கும் நேரத்தை) கூட்டச் சொல்வார்கள், கேட்க வேண்டாம். பிசிஆர் பொருளைக் குறைவாக எடுத்து ஃபார்மமைடில் அதிகமாக நீர்க்கச் செய்யச் சொல்லு. பல சமயம் குறைத்துப் போட்டால்தான் உச்சம் உயரும். 95 டிகிரியில் மூன்று நிமிடம், உடனே ஐஸ். ஃபார்மமைடு பழசானால் அது உடைந்து அதுவே அயனியாகிவிடும், புட்டி என்று திறந்தது என்று பார்க்கச் சொல்லு.

#15 ராத்திரிஷிப்ட்

என் கதையையும் எழுதுகிறேன். எந்த ஊர், எந்த ஆய்வகம் என்று கேட்காதீர்கள்.

சீரம் புரத ஓட்டம். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவர், முதுகு வலி. மருத்துவர் சீட்டில் மைலோமாவா (ஒரு வகை ரத்தப் புற்றுநோய்) என்று கேள்விக்குறி போட்டிருந்தார். வரைபடத்தில் ஆல்ஃபா 2க்கும் பீட்டாவுக்கும் நடுவே ஒரு குறுகிய உச்சம், சின்னதுதான், ஆனால் தெளிவாக நின்றது. ராத்திரி ஒன்றரை மணி. நான் "எம் பேண்ட் சந்தேகம், இம்யூனோஃபிக்சேஷன் தேவை" என்று எழுதிப் போட்டுவிட்டேன். எம் பேண்ட் என்பது மைலோமாவில் ஒரே வகை ஆன்டிபாடி குவிந்து காட்டும் உச்சம், இம்யூனோஃபிக்சேஷன் அதை உறுதி செய்யும் சோதனை. எழுதியது தவறில்லை. ஆனால் அந்தத் தாள் காலையில் குடும்பத்தின் கைக்குப் போய்விட்டது. அவர்கள் இணையத்தில் தேடிப் படித்துவிட்டு, அவருடைய மகள் ஆய்வக வாசலில் வந்து அழுதுகொண்டு நின்றாள்.

மறுநாள் ஜெல்லில் இம்யூனோஃபிக்சேஷன் போட்டோம். ஒன்றுமே இல்லை, சுத்தமாக இருந்தது. இரண்டு நாள் கழித்துப் புது ரத்தம் எடுத்துக் கேபிலரியில் ஓட்டினோம், உச்சம் காணாமல் போயிருந்தது. பிறகு கேஸ் ஷீட்டைப் பார்த்தால், ரத்தம் எடுத்த அன்று காலையில்தான் அவருக்குக் கான்ட்ராஸ்ட் போட்டு சிடி எடுத்திருக்கிறார்கள்.

மெஷின் 200 நானோமீட்டரில் பார்க்கிறது. அந்த ஒளியைப் பெப்டைடு பிணைப்பு உறிஞ்சும், அயோடின் உள்ள கான்ட்ராஸ்ட் மருந்தும் உறிஞ்சும். அது புரதமா மருந்தா என்று மெஷினுக்குத் தெரியாது, வெளிச்சம் குறைந்தது என்று மட்டும்தான் தெரியும். அன்றிலிருந்து நடுவில் ஒற்றை உச்சம் தெரிந்தால் முதலில் வார்டுக்குப் போன் போடுவேன்: சிடி எடுத்தீர்களா, பைப்பராசிலின் ஆன்டிபயாடிக் ஓடுகிறதா, அனுப்பியது சீரமா பிளாஸ்மாவா? பிளாஸ்மாவாக இருந்தால் ஃபைப்ரினோஜன் (ரத்தம் உறைய வைக்கும் புரதம்) பீட்டாவுக்கும் காமாவுக்கும் நடுவே வந்து அச்சு அசலாக எம் பேண்ட் மாதிரி நிற்கும்.

#16 பழையஜெல்காரர்

ஜெல்லில் சாயம் புரதத்தில்தான் ஏறும், கான்ட்ராஸ்டில் ஏறாது. கிழவனுக்கும் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறேன் :)

#17 பஃபர்ராணி

கேபிலரி மாட்டிக்கொடுத்த கதையும் உண்டு சார். 2008இல் ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) ஊசி போட்ட பலருக்குக் கடும் ஒவ்வாமை வந்து அமெரிக்காவில் சாவுகளும் நடந்தன. வழக்கமான தரச் சோதனைகளில் மருந்து தேறிவிட்டது. ஹெப்பாரின் மாதிரியே நடிக்கும் அதிசல்ஃபேட் ஏற்றிய காண்ட்ராய்டின் அதில் கலந்திருந்தது. சல்ஃபேட் அதிகம் என்றால் மைனஸ் சுமை அதிகம். இங்கே சீரம் மாதிரி இல்லை, டிஎன்ஏ மாதிரி ஆனோடு பக்கமே பார்த்தார்கள். ஹெப்பாரினின் அகலமான மேட்டுக்கு முன்னால் அது தனி உச்சமாக வந்துவிட்டது. என்எம்ஆரும் கேபிலரியும் சேர்ந்து பிடித்தன. அந்த மார்ச்சிலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இரண்டு முறைகளையும் எல்லோரும் செய்து பார்க்கும்படி வெளியிட்டது.

#18 மலைக்காற்று

நான் ஹீமோகுளோபின் ஓட்டுகிறவள். கடைசிபெஞ்ச் இருக்கும் ஆய்வகத்திலும் இது இருக்கும் என்று நினைக்கிறேன்.

ராத்திரிஷிப்ட் சொன்ன தொல்லை எங்களுக்குக் குறைவு. நாங்கள் பார்ப்பது 415 நானோமீட்டரில், ஹீம் மட்டும் பலமாக உறிஞ்சும் இடம். பஃபர் பிஎச் 9.4. இங்கேயும் ஈஓஎஃப்தான் இழுக்கிறது. ஹீமோகுளோபின் வகைகளில் ஏ2 முதலில் வரும், பிறகு ஈ, எஸ் (சிக்கிள் நோய்க்குரியது), டி, எஃப் (கருவில் இருக்கும் வகை), கடைசிப் பக்கம் ஏ (பெரியவர்களின் வழக்கமான வகை).

கேபிலரியா எச்பிஎல்சியா (அழுத்தத்தில் திரவத்தைச் செலுத்திப் பிரிக்கும் முறை) என்று எங்கள் கூட்டங்களில் ஓயாத சண்டை. என் கட்சி கேபிலரி. பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகையின் கேரியரை (மரபணுவை மட்டும் சுமப்பவரை) பிடிக்க ஏ2 அளவுதான் ஆதாரம், பொதுவாக 3.5 சதவீதத்துக்கு மேல் போனால் சந்தேகம். எச்பிஎல்சியில் ஹீமோகுளோபின் ஈயும் ஏ2வும் ஒன்றாக வந்துவிடும், கேபிலரியில் தனித்தனி. சிக்கிள் கேரியருக்கு எச்பிஎல்சியில் ஏ2 சற்றுக் கூடுதலாகக் காட்டும், எஸ்ஸின் மாறிய வடிவங்கள் ஏ2வோடு போய் ஒட்டிக்கொள்வதால். அது தெரியாமல் "சிக்கிளோடு தலசீமியாவும் உண்டு" என்று எழுதினால் ஒரு கல்யாணமே நின்றுவிடும். ஆனால் எந்த மெஷினாக இருந்தாலும் இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் ஏ2 கீழே இறங்கும், கேரியர் தப்பிவிடுவார். முழு ரத்த எண்ணிக்கையைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை.

இந்த வேலை எனக்கு இன்னொரு விதத்திலும் நெருக்கம். சிக்கிள் ஹீமோகுளோபினின் மின்சுமை வேறு என்று லைனஸ் பாலிங் குழு 1949இல் காட்டியது டிசீலியஸ் வகைக் கருவியில்தான். மூன்றே வருடத்தில், 1952இல், லேமனும் கட்புஷும் நீலகிரி மலைமக்களிடம் சிக்கிள் பண்பு இருப்பதை எழுதினார்கள். இந்தியாவின் முதல் பதிவுகளில் ஒன்று அது. நான் பிறந்த மலை. இன்றும் முகாமில் எடுத்த ரத்தம் அங்கிருந்து ஐஸ் பெட்டியில் இறங்கி வருகிறது.

#19 கடைசிபெஞ்ச்

மலைக்காற்று அக்கா, சரியான நேரத்தில் வந்தீர்கள். இன்று ஒரு சின்னப் பெண்ணின் மாதிரி. மெஷின் ஓடி முடித்து இரண்டு உச்சம் காட்டியது, ஆனால் எதற்கும் பெயர் போடவில்லை. மண்டலக் கோடுகளே திரையில் இல்லை. கேபிலரி கெட்டுவிட்டது என்று சீனியர் சொல்லி, கழுவும் ஓட்டம் போட்டார். மறுபடியும் அதேதான்.

#20 மலைக்காற்று

கேபிலரி மேல் பழி வேண்டாம். மெஷின் எப்படி இடம் பிடிக்கிறது என்று யோசி. நேரத்தை மட்டும் நம்பினால் ஏமாறும், ஈஓஎஃப் ஓட்டத்துக்கு ஓட்டம் கொஞ்சம் மாறும். அதனால் ஏ, ஏ2 இரண்டையும் மைல்கல்லாக வைத்து மற்றவற்றை அளக்கிறது. அந்தப் பெண்ணுக்கு ஏ இல்லையென்றால் மைல்கல்லே இல்லை, மெஷின் கையை விரித்துவிடும்.

அந்த மாதிரியைச் சாதாரண ஆளின் ரத்தத்தோடு பாதிக்குப் பாதி கலந்து ஓட்டு. ஏ வந்துவிடும், கோடுகள் விழும். அந்தப் பெரிய உச்சம் எந்த மண்டலத்தில் உட்காருகிறது என்று பார். அளவுகளை மட்டும் கலக்காத ஓட்டத்திலிருந்து எடு, கலந்ததிலிருந்து எடுத்துவிடாதே. அப்புறம், சமீபத்தில் ரத்தம் ஏற்றினார்களா என்று கேட்டுக்கொள். ஏற்றியிருந்தால் ஏ கொஞ்சமாவது இருந்திருக்கும், அதனால் இல்லை என்றே நினைக்கிறேன்.

#21 கடைசிபெஞ்ச்

கலந்து ஓட்டினேன். கோடுகள் வந்துவிட்டன. பெரிய உச்சம் எஸ் மண்டலத்தில், சின்னது எஃப்பில். ரத்தம் ஏற்றவில்லை என்று வார்டில் சொன்னார்கள். சீனியர் இப்போது என்னைப் பார்கோடு ஒட்டச் சொல்லவில்லை, அடுத்த மாதிரியையும் நானே பார்க்கட்டும் என்கிறார்.

#22 மலைக்காற்று

எஃப் எத்தனை சதவீதம்? இரண்டு படத்தையும் இங்கே போடு. மாதிரி எண்ணையும் பெயரையும் மறைத்துவிட்டுப் போடு. பெற்றோர் இருவரின் ரத்தமும் வேண்டும் என்று இன்றே எழுதிக் கேள், எஸ்ஸும் எஸ்ஸுமா, எஸ்ஸும் தலசீமியாவுமா என்று அதைப் பார்க்காமல் சொல்ல முடியாது.